கணினி எதற்காகக் காத்திருக்கிறது?

இந்த மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே புலம்பல்தான்: "கணினி மெதுவாக ஓடுகிறது." வங்கி ஒன்றின் கணினி மையத்தில் நான் இரவுப் பணி பார்த்த காலத்தில், இந்த வாக்கியத்தோடு போய் நின்றால் என் மேலதிகாரி திருப்பி அனுப்பிவிடுவார். "மெதுவாக இருக்கிறது என்று என்னிடம் சொல்லாதே. எது எதற்காகக் காத்திருக்கிறது, அதைச் சொல்" என்பார். அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. கடிதங்களையும் அப்படியேதான் படித்தேன்.

கேள்வி: அக்கா, என் மடிக்கணினியில் 8 ஜிபி ரேம். வேகம் குறைந்துவிட்டதென்று சிம் லிம் சதுக்கத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். அந்தத் தம்பி விண்டோஸின் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து, "ஃப்ரீ 190 எம்பிதான் இருக்கு அங்கிள், ரேம் தீர்ந்துபோச்சு" என்று காட்டினார். கூடுதல் ரேம் வாங்கலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈசூன்

பதில்: ஐயா, அவர் காட்டிய எண் சரி. அதற்குச் சொன்ன அர்த்தம்தான் தவறு. அதே திரையில் ஒரு வண்ணப் பட்டை இருக்கும். அதில் 'இன் யூஸ்', 'மாடிஃபைட்', 'ஸ்டேண்ட்பை', 'ஃப்ரீ' என்று பிரித்திருப்பார்கள். நீலமாகத் தெரியும் ஸ்டேண்ட்பை பகுதியைப் பாருங்கள். உங்கள் கணினியில் அது ஓரிரு ஜிபியாவது இருக்கும். நீங்கள் கொஞ்ச நேரத்துக்கு முன் திறந்து மூடிய கோப்புகளும் நிரல்களும் அங்கே இருக்கின்றன. மறுபடி கேட்டால் வட்டுக்குப் போகாமல் எடுத்துத் தரலாம் என்று இயங்குதளம் அவற்றை வைத்திருக்கிறது. வேறொரு நிரல் இடம் கேட்டால், அந்த நொடியே காலி செய்து கொடுத்துவிடும். ஆகவே 'ஃப்ரீ' என்பது யாருக்கும் பயன்படாமல் சும்மா கிடக்கும் ரேம். அது குறைவாக இருப்பது இயங்குதளம் ஒழுங்காக வேலை செய்வதற்கு அடையாளம். லினக்ஸ் என்ற இயங்குதளத்திலும் இதே கதைதான். அங்கே 'ஃப்ரீ' என்ற எண்ணை விட்டுவிட்டு 'அவெய்லபிள்' என்ற எண்ணைப் பார்க்க வேண்டும்.

நீங்கள் பார்க்க வேண்டியது அதே திரையில் உள்ள 'ஹார்ட் ஃபால்ட்ஸ்' பத்தி. ஒவ்வொரு நிரலும் முழு நினைவகமும் தனக்கே சொந்தம் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. அந்த நம்பிக்கையை ஊட்டுவது இயங்குதளம். உண்மையில் நினைவகத்தை 4 கேபி பக்கங்களாக நறுக்கி, இப்போது தேவைப்படுவதை ரேமிலும் மற்றதை வட்டிலும் வைத்திருக்கிறது. நிரல் தொடும் பக்கம் ரேமில் இல்லையென்றால் அதை நிறுத்திவைத்து, வட்டிலிருந்து கொண்டுவந்து போட்டு, பிறகு ஓடவிடும். அதுதான் ஹார்ட் ஃபால்ட். புதிதாக ஒரு நிரலைத் திறக்கும்போது சில நூறு வந்து அடங்குவது இயல்பு. எதையும் புதிதாகத் திறக்காதபோதும் அது நூற்றுக்கணக்கில் தொடர்ந்து நின்றால் ரேம் நிஜமாகவே போதவில்லை.

இந்த ஏற்பாடு விண்டோஸ் கண்டுபிடித்ததல்ல. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1962-ல் தொடங்கிவைக்கப்பட்ட அட்லஸ் கணினியில் 16 ஆயிரம் சொற்கள் கொள்ளும் காந்த நினைவகமும் 96 ஆயிரம் சொற்கள் கொள்ளும் சுழல் உருளையும் இருந்தன. நிரல் எழுதுபவருக்கு இரண்டும் சேர்ந்து ஒரே பெரிய நினைவகமாகத் தெரிந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் உத்தி அதேதான். வேகங்கள்தான் மாறிவிட்டன. ரேமில் ஒன்றை எடுக்க சுமார் 100 நானோவிநாடி என்றால், எஸ்எஸ்டியில் (சுழலும் பாகம் இல்லாத வட்டு) ஏறக்குறைய ஆயிரம் மடங்கு, பழைய சுழலும் வட்டில் ஏறக்குறைய லட்சம் மடங்கு. லட்சம் மடங்கு என்பதை மனத்தில் வாங்கிக்கொண்டால், உங்கள் கணினி எங்கே காத்துக் கிடக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் மடிக்கணினியின் வயதைச் சொல்லவில்லை. உள்ளே சுழலும் வட்டு இருந்தால் முதலில் எஸ்எஸ்டி போடுங்கள். ரேமை அப்புறம் பார்க்கலாம். உலாவியில் திறந்துவைத்திருக்கும் தாவல்களையும் கொஞ்சம் மூடுங்கள் ஐயா. அதற்குக் காசு இல்லை.

கேள்வி: மேடம், நான் துவாஸில் ஊழியர் விடுதியில் தங்கியிருக்கிறேன். 3 ஜிபி ஆண்ட்ராய்டு போன். பேட்டரி நிற்க வேண்டுமென்று ராத்திரி எல்லா ஆப்பையும் மேலே தள்ளித் தள்ளி மூடுகிறேன். அறை நண்பர் வீண் வேலை என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: நண்பர் சொல்வதுதான் தம்பி. நீங்கள் பார்க்கும் அந்தப் பட்டியல் பெரும்பாலும் நேற்று எதையெல்லாம் திறந்தீர்கள் என்பதன் வரலாறு. அவை எல்லாமே ஓடிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தமில்லை. பின்னால் போன ஆப்புக்கு சிபியு (மையச் செயலி) நேரம் மிகக் குறைவாகவே கிடைக்கும். இடம் போதாதபோது, ஆண்ட்ராய்டில் அதற்கென்றே ஓடும் ஒரு சிறு நிரல், நீண்ட நாள் தொடாத ஆப்பிலிருந்து ஆரம்பித்துத் தானே கொன்றுவிடும். நீங்கள் கையில் வைத்துப் பேசிக்கொண்டிருக்கும் ஆப்பைக் கடைசியில்தான் தொடும்.

நீங்கள் முந்திக்கொண்டு மூடினால், காலையில் வீட்டுக்குப் பேசத் திறக்கும்போது அந்த ஆப் அடியிலிருந்து எழும்ப வேண்டும். கோப்புகளை மறுபடி படித்து, மறுபடி திரை வரைந்து, மறுபடி இணையத்தில் புகுந்து வர வேண்டும். பேட்டரி அதில்தான் கூடுதலாகப் போகும். இரண்டு விதிவிலக்குகள் உண்டு. ஒன்று, ஆப் உறைந்து நின்றுவிட்டால் மூடுங்கள். இரண்டு, வழிகாட்டும் வரைபடம் போல இருப்பிடத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கும் ஆப். அது பின்னாலும் ஓடும். வேலை முடிந்ததும் நிறுத்துங்கள். திரை வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்தால் இதையெல்லாம்விட அதிகம் மிச்சமாகும்.

கேள்வி: அக்கா, பழைய கைப்பேசியிலிருந்து மீட்ட படங்கள் சிலவற்றில் தேதி '1970 ஜனவரி 1, காலை 7.30' என்று வருகிறது. நான் பிறந்ததே 1974-ல். என் மகளின் பிறந்தநாள் கேக்கை 1970-ல் யார் படம் எடுத்தது?
— இல்லத்தரசி, புக்கிட் பாத்தோக்

பதில்: இந்தக் கடிதத்துக்காகவே இந்த மாதப் பகுதியை இன்னும் ஒரு பக்கம் கேட்டு வாங்கினேன்.

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்கள் நேரத்தை ஒரே ஓர் எண்ணாக வைத்திருக்கின்றன: 1970 ஜனவரி 1, உலகப் பொது நேரம் நள்ளிரவிலிருந்து இதுவரை எத்தனை விநாடி. ஆண்ட்ராய்டு, ஐஃபோன், மேக், லினக்ஸ் எல்லாம் இந்தக் குடும்பம். படத்தின் தேதி தொலைந்துபோனால் அந்த இடத்தில் பூஜ்யம் நிற்கும். பூஜ்யம் விநாடி என்றால் 1970-ன் முதல் கணம். உங்கள் கேக் அங்கே போய் விழுந்தது இப்படித்தான். (1980 ஜனவரி 1 என்று காட்டும் படங்களும் இருந்தால் குழம்பாதீர்கள். நினைவக அட்டைகளில் பயன்படும் ஃபாட் கோப்பு முறை 1980-லிருந்து எண்ணத் தொடங்குகிறது.)

சுவாரசியம் அந்த 7.30-ல்தான் இருக்கிறது. சிங்கப்பூர் உலகப் பொது நேரத்தைவிட 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது. பூஜ்யத்தோடு எட்டைக் கூட்டினால் காலை 8.00 என்றுதானே வர வேண்டும்? ஆனால் 1970-ல் நம் கடிகாரம் ஏழரை மணி நேரம்தான் முன்னால் இருந்தது. தீபகற்ப மலேசியா, சபா சரவாக்கோடு ஒரே நேரத்துக்கு வர முடிவு செய்தபோது சிங்கப்பூரும் கூடவே மாறியது. 1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணி அப்படியே நள்ளிரவு 12 ஆனது. அந்த வருடப் பிறப்புக்கு அரைமணி நேரம் முன்னதாகவே வாழ்த்துச் சொன்ன தலைமுறை நம்முடையது.

உங்கள் கைப்பேசிக்கு இது தெரியும். உலகின் ஒவ்வொரு வட்டாரமும் எப்போது எப்படிக் கடிகாரத்தை நகர்த்தியது என்ற வரலாற்றுத் தரவுத்தளம் ஒன்று அதற்குள் இருக்கிறது. அதில் சிங்கப்பூரின் வரிகளைப் படித்தால் 1942 பிப்ரவரி 16 முதல் 1945 செப்டம்பர் 12 வரை நேரம் 9 மணி வித்தியாசத்துக்குப் போய் நிற்கும். அது தோக்கியோ நேரம். ஜப்பானிய ஆட்சி இந்தத் தீவில் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்பதை ஒவ்வொரு கைப்பேசியும் சட்டைப் பையில் சுமந்து திரிகிறது. இயங்குதளம் என்றால் வெறும் இயந்திர விவகாரம் என்று யாராவது சொன்னால் நான் இந்த வரியைத்தான் காட்டுவேன். எல்லா மென்பொருளும் இவ்வளவு கவனம் காட்டாது. இன்றைய 8 மணியையே பழைய தேதிக்கும் போட்டுக் காலை 8.00 என்று காட்டுபவையும் உண்டு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த விநாடி எண்ணிக்கையை 32 பிட்டில் (32 இரும இலக்கங்களில்) வைத்திருக்கும் கருவிகளில், 2038 ஜனவரி 19 அன்று நம் நேரம் முற்பகல் 11 மணி 14 நிமிடம் 7 விநாடிக்கு எண் நிரம்பிவிடும். அடுத்த விநாடி 1901 டிசம்பருக்குத் தாவும். இன்றைய கைப்பேசிகளும் கணினிகளும் 64 பிட்டுக்கு மாறிவிட்டன. சுவரில் பதித்து மறந்துபோன சிறு கட்டுப்பாட்டுப் பெட்டிகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

மகளின் படங்களுக்குத் தேதியை நீங்களே கையால் போட்டுக்கொள்ளலாம். கேக்கில் எத்தனை மெழுகுவர்த்தி என்று எண்ணுங்கள்.

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவன். டெட்லாக், பிரையாரிட்டி இன்வெர்ஷன் இரண்டும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன. தேர்வுக்கு முன் விளக்க முடியுமா?
— தெம்பனிஸ்

பதில்: டெட்லாக் சுலபம். கூட்டமான கோப்பிக் கடையில் ஒருவர் டிஷ்யூ பொட்டலம் வைத்து மேசையைப் பிடித்துக்கொண்டு நாற்காலிக்குக் காத்திருக்கிறார். இன்னொருவர் கடைசி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மேசைக்குக் காத்திருக்கிறார். இருவரும் விடமாட்டார்கள், யாரும் பிடுங்கவும் மாட்டார்கள். அவ்வளவுதான். 1971-ல் காஃப்மனும் உடன் எழுதியவர்களும் இதை நான்கு நிபந்தனைகளாக வகுத்தார்கள்: ஒரு நேரத்தில் ஒருவருக்கே உரிமை, கையில் ஒன்றை வைத்துக்கொண்டே மற்றொன்றுக்குக் காத்திருத்தல், பிடுங்க முடியாமை, காத்திருப்பு வட்டமாகச் சுற்றி முட்டுதல். நான்கில் ஒன்றை உடைத்தால் போதும். நடைமுறையில் பெரும்பாலும் நான்காவதைத்தான் உடைப்போம்: பூட்டுகளுக்கு (பகிர்ந்துகொள்ளும் ஒன்றை ஒரு நேரத்தில் ஒரே நிரல் தொட வைக்கும் ஏற்பாடு) வரிசை எண் கொடுத்து, எல்லா நிரலும் சிறிய எண்ணிலிருந்தே பூட்ட வேண்டும் என்று விதி வைப்போம். தேர்வில் இதை எழுதினால் மதிப்பெண் உறுதி.

பிரையாரிட்டி இன்வெர்ஷன் வேறு. அங்கே வட்டம் கிடையாது. எல்லாம் கொஞ்ச நேரத்தில் நகர்ந்துவிடும். ஆனால் அந்தக் கொஞ்ச நேரமே ஆளைக் கவிழ்த்துவிடும். இதற்குச் செவ்வாய்க் கிரகத்தைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலம் 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கியது. சில நாளில் அதன் கணினி திடீர் திடீரென்று தன்னைத் தானே மறுதொடக்கம் செய்துகொள்ள ஆரம்பித்தது. உள்ளே விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற இயங்குதளம். அதில் முன்னுரிமைப்படி பணிகள் ஓடும். தரவுப் பாதையை மேய்க்கும் பணிக்கு உயர்ந்த முன்னுரிமை. வானிலை அளவுகளைச் சேகரிக்கும் பணிக்குத் தாழ்ந்த முன்னுரிமை. இரண்டும் ஒரே பூட்டைப் பகிர்ந்தன. வானிலைப் பணி பூட்டைக் கையில் வைத்திருக்கும்போது உயர்ந்த பணி வந்து காத்து நிற்கும். அதுவரை பரவாயில்லை, கொஞ்ச நேரத்தில் பூட்டு கிடைத்துவிடும். ஆனால் அந்த இடைவெளியில் நடுத்தர முன்னுரிமையுள்ள தொடர்புப் பணிகள் எழுந்துவிட்டால்? அவை வானிலைப் பணியைவிட மேலே, ஆகவே அதைத் தள்ளிவிட்டு ஓடும். அவற்றுக்குப் பூட்டோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அவை ஓடும்வரை வானிலைப் பணி நகராது. அது நகராதவரை உயர்ந்த பணிக்குப் பூட்டு கிடைக்காது. ஆக, எல்லோருக்கும் மேலே இருப்பது நடுவில் இருப்பவற்றுக்காகக் காத்து நிற்கிறது. குறித்த நேரத்துக்குள் உயர்ந்த பணி முடியவில்லை என்று பார்த்த காவல் ஏற்பாடு, ஏதோ பெரும் கோளாறு என்று நினைத்து முழு அமைப்பையும் மறுதொடக்கம் செய்தது.

பூமியில் வைத்திருந்த நகல் கணினியில் பொறியாளர்கள் அதே நிலையை மறுபடி உண்டாக்கிப் பிடித்தார்கள். தீர்வு ஏற்கெனவே அந்த இயங்குதளத்துக்குள் இருந்தது, அந்தப் பூட்டுக்கு மட்டும் அணைக்கப்பட்டிருந்தது. பூட்டை வைத்திருப்பவர், தனக்காகக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கடன் வாங்கிக்கொள்ளும் முறை அது. வானிலைப் பணி அப்படி உயர்ந்துவிட்டால் நடுத்தரப் பணிகளால் அதைத் தள்ள முடியாது. வேலையை முடித்துப் பூட்டைத் திறந்துவிட்டுப் பழைய இடத்துக்கு இறங்கிவிடும். அந்த அமைப்பை மாற்றும் சிறு திருத்தத்தைச் செவ்வாய்க்கு அனுப்பினார்கள், மறுதொடக்கம் நின்றது. இந்த முறையைக் கணக்காக நிறுவிய 1990-ம் ஆண்டுக் கட்டுரையை எழுதிய மூவரில் ஒருவர் ரகுநாதன் ராஜ்குமார், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். தேர்வுத்தாளில் இதை எழுத வேண்டாம். வீட்டில் அப்பா அம்மாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்கள்.

கேள்வி: யுஎஸ்பியைப் பத்திரமாக நீக்கச் சொல்லும் பொத்தானை அழுத்தியே ஆக வேண்டுமா?
— செங்காங்

பதில்: நகலெடுத்து முடிந்தது என்று திரை சொன்னாலும், கடைசிப் பகுதி இன்னும் ரேமிலேயே எழுதக் காத்திருக்கலாம். விண்டோஸ் 10-ன் 1809 பதிப்பிலிருந்து யுஎஸ்பிக்கு அப்படிச் சேர்த்துவைக்காத முறையே இயல்பமைப்பு. ஆகவே விண்டோஸில் விளக்கு அணைந்ததும் பிடுங்கினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். மேக்கிலும் லினக்ஸிலும் அந்தத் துணிச்சல் வேண்டாம்.

கேள்வி: 2024 ஜூலையில் சாங்கி முதல் முனையத்தில் பெட்டியோடு நீண்ட வரிசையில் நின்றவன் நான். ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழை என்றார்கள். ஒரு மென்பொருள் கெட்டால் அது மட்டும்தானே நிற்க வேண்டும்? முழுக் கணினியும் ஏன் நீலத் திரையாக வேண்டும்?
— வணிகர், தேக்கா

பதில்: நியாயமான கோபம். சிபியு இரண்டு நிலைகளில் வேலை செய்கிறது. உங்கள் கணக்கு மென்பொருள், உலாவி எல்லாம் பயனர் நிலை. அங்கே இருக்கும் நிரல் தனக்கு ஒதுக்காத நினைவகத்தைத் தொட்டால் இயங்குதளம் அதை மட்டும் கொன்றுவிட்டு வேலையைப் பார்க்கும். நீங்கள் சொல்வது அங்கே நூற்றுக்கு நூறு உண்மை. இன்னொன்று கெர்னல் நிலை. இயங்குதளத்தின் மையம் ஓடும் இடம் அது. அங்கே எல்லாவற்றையும் தொட அனுமதி உண்டு, மேலே நின்று பிடிப்பார் கிடையாது.

வைரஸ்களை முந்திக்கொண்டு பிடிக்க வேண்டும் என்பதற்காக அந்தப் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு பகுதி கெர்னல் நிலையில் ஓடியது. ஜூலை 19 அன்று வந்த புதுப்பிப்புத் தரவு 21 புலங்களை எதிர்பார்த்தது. நிரல் கொடுத்தது 20. இல்லாத இருபத்தொன்றாவதைப் படிக்கப்போய், தொடக்கூடாத நினைவக முகவரியைத் தொட்டது. கெர்னலுக்குள் இப்படி நடந்தால், நினைவகத்தில் இன்னும் எது கெட்டிருக்கிறது என்று இயங்குதளத்துக்கே தெரியாது. அந்த நிலையில் தொடர்ந்து ஓடினால் கெட்டுப்போன தரவை வட்டில் எழுதிவைத்துவிடும் ஆபத்து உண்டு. அதனால் வேண்டுமென்றே தன்னை நிறுத்திக்கொள்கிறது. அந்த நீலத் திரை உங்கள் கோப்புகளைக் காப்பாற்ற எடுத்த முடிவு.

வரிசை நீண்டதற்குக் காரணம் வேறு. அந்தப் பகுதி கணினி தொடங்கும்போதே ஏறிவிடும். மறுதொடக்கம் செய்தால் மறுபடி விழும். ஆகவே ஆள் ஒவ்வொரு கணினியாகப் போய், 'சேஃப் மோட்' எனும் பாதுகாப்பு முறையில் திறந்து ஒரு கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவை சுமார் 85 லட்சம் கணினிகள், மொத்த விண்டோஸ் கணினிகளில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. அந்த ஒரு விழுக்காட்டுக்குள் விமான நிலையங்கள் இருந்ததுதான் உங்கள் துரதிர்ஷ்டம்.

கெர்னலுக்குள் எவ்வளவு குறைவாக வைக்கலாம் என்ற சண்டை பழையது. 1992-ல் கணினிப் பேராசிரியர் ஆண்ட்ரூ டனன்பாமும், லினக்ஸை எழுதத் தொடங்கி அதிக நாள் ஆகாத லினஸ் டோர்வால்ட்ஸும் இதைப் பற்றிப் பகிரங்கமாக மோதிக்கொண்டார்கள். டனன்பாம் சிறிய கெர்னல் பக்கம். சந்தையில் வென்றது டோர்வால்ட்ஸின் பெரிய கெர்னல். வேகம் என்று பார்த்தால் அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் வெளியார் எழுதும் நிரலை உள்ளே விடுவதில் என் வாக்கு டனன்பாமுக்குத்தான். ஆப்பிள் 2019-லிருந்தே பாதுகாப்பு மென்பொருள்களைப் பயனர் நிலைக்குத் தள்ளிக்கொண்டு வருகிறது. சரியான திசை.

கேள்வி: தேசிய சேவை முடிய இன்னும் சில மாதம். பிறகு பல்கலைக்கழகத்தில் கணினியியல். வார இறுதியில் இயங்குதளம் படிக்க எங்கே ஆரம்பிப்பது அக்கா?
— பொங்கோல்

பதில்: எக்ஸ்வி6. எம்ஐடி பல்கலைக்கழகம் 2006-ல் வகுப்புக்காக எழுதிய குட்டி இயங்குதளம். 1975-ல் வெளிவந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பைப் பின்பற்றியது. முழு கெர்னலும் பத்தாயிரம் வரிக்குள்தான், இலவசமாகக் கிடைக்கிறது. குவெமு என்ற பாவனை இயந்திரத்துக்குள் ஓடுவதால் உங்கள் மடிக்கணினிக்கு ஒன்றும் ஆகாது. லினக்ஸ் மூலநிரலில் நேராகக் குதிக்காதீர்கள், அது கடல்.

முதல் வேலையாக, ஒவ்வொரு செயல்முறைக்கும் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கும்) சிபியு எத்தனை முறை கொடுக்கப்பட்டது என்று எண்ணிச் சொல்லும் ஒரு 'சிஸ்டம் கால்' (நிரல் கெர்னலிடம் வேலை கேட்கும் வழி) சேர்த்துப் பாருங்கள். பணிமாற்றி (அடுத்து யாருக்கு சிபியு என்று முடிவு செய்யும் பகுதி) எங்கே இருக்கிறது, பயனர் நிலையிலிருந்து கெர்னலுக்குள் எப்படி நுழைவது, எதைப் பூட்டிவிட்டு எதைத் தொட வேண்டும் என்று மூன்றையும் அது கற்றுக்கொடுத்துவிடும். தொடங்கும்போது சிபியு எண்ணிக்கையை ஒன்றாக வைத்து ஓட்டுங்கள். இயல்பமைப்பில் மூன்று இருக்கும். எல்லாம் சரியாக ஓடிய பிறகு மூன்றுக்குத் திரும்புங்கள். பூட்ட மறந்த இடம் ஏதும் இருந்தால், சில ஓட்டங்களில் மட்டும் எண்ணிக்கை பிசகி அது காட்டிக்கொடுக்கும். அங்கே மாட்டிக்கொண்டால் நிரலோடு எழுதுங்கள், அடுத்த இதழில் பார்ப்போம்.